டாங்கி விட்டுத் துரத்தியவர்கள் காலேஜுக்கு அனுப்பிய கதை

சரித்திர நாவல் விரும்பிப் படிக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. போர் முடிஞ்சது, மன்னர் யானை மேல ஊர்வலம் வந்தார், புலவர் பாடினார், பொற்கிழி வாங்கினார். எல்லாம் சரி. அந்த யானைக்குப் பின்னாடி புழுதியில் நடந்து வந்த காலாட்படைக்காரங்க அடுத்த மாசம் என்ன வேலைக்குப் போனாங்க? நான் படித்த வரைக்கும் எந்த நாவலாசிரியரும் இதுக்குப் பதில் சொன்னதில்லை. வேல் பிடிச்ச கை மறுபடி ஏர் பிடிச்சிருக்கும்னு நாமளா நினைச்சுக்க வேண்டியதுதான்.

இந்தக் கேள்விக்கு விலாவாரியாகப் பதில் கிடைக்கிற இடம் ஒன்று உண்டு: இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கா. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களை அந்த நாடு தன் தலைநகரத்திலேயே டாங்கி விட்டுத் துரத்தியது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களைக் காலேஜுக்கு அனுப்பியது. துரத்தியது 1932, காலேஜுக்கு அனுப்பச் சட்டம் போட்டது 1944. நடுவில் பன்னிரண்டே வருஷம். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் என்ன ஆச்சு என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அறுபது டாலரும் ஊருக்குப் போக வண்டிச் சத்தமும்

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தது. அமெரிக்க ராணுவத்தில் அப்போது ஏறக்குறைய 40 லட்சம் பேர். வீட்டுக்கு அனுப்பும்போது ஆளுக்கு 60 டாலரும் ஊர் போய்ச் சேரப் பயணச் செலவும் கொடுத்தார்கள். போரில் ஊனமடைந்தவர்களுக்கு மட்டும் வேறு தொழில் கற்றுக்கொடுக்க 1918லேயே ஒரு சட்டம் இருந்தது. மற்றவங்களுக்கு எதுவும் இல்லை. கை கால் நல்லாத்தானே இருக்கு, போய்ப் பிழைச்சுக்கோ என்கிற கணக்கு.

அவன் போன இடைவெளியில் ஊரில் என்ன நடந்தது? போர்க்காலத் தொழிற்சாலைகளில் சம்பளம் ஏறியது. சிப்பாய்க்கு மாசம் 30 டாலர். ஊரிலேயே இருந்தவன் அதைப் போலப் பல மடங்கு சம்பாதித்தான். திரும்பி வந்தவனுக்கு வயசு கூடியிருந்தது, கையில் தொழில் இல்லை, பழைய இடத்தில் வேற ஆள். ‘எங்களுக்கு அந்த வித்தியாசத்தையாவது கொடுங்க’ என்றார்கள். பல வருஷ இழுபறிக்குப் பிறகு, ஜனாதிபதி கூலிட்ஜின் வீட்டோவையும் மீறி, 1924ல் ஒரு சட்டம் வந்தது. உள்நாட்டில் பணி செய்த ஒவ்வொரு நாளுக்கும் 1 டாலர், கடல் கடந்து போயிருந்தால் 1.25 டாலர்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தொகை 50 டாலருக்கு மேல் போனால் பணமாகக் கிடையாது, ஒரு சான்றிதழ்தான். அதை 1945ல் கொண்டு வந்தால் முழுப் பணமும் கிடைக்கும். நடுவில் செத்துப்போனால் குடும்பத்துக்குக் கிடைக்கும். சிப்பாய்கள் இதுக்கு ‘கல்லறை போனஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பசிக்கிறப்ப சோறு போடாமல் இருபது வருஷம் கழித்து விருந்து என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் வேறெப்படிச் சொல்வது!

1932 ஜூலை 28

1929ல் பங்குச்சந்தை சரிந்து, பெருமந்தம் வந்து, கோடிக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். 1932 மே மாதம் ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் வால்டர் வாட்டர்ஸ் என்ற முன்னாள் சார்ஜண்ட், சில நூறு பேரைச் சேர்த்துக்கொண்டு வாஷிங்டனுக்குக் கிளம்பினார். அவரும் வேலை போனவர்தான். சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஒரு கண்டத்தையே குறுக்கே கடந்தார்கள். வழியெல்லாம் ஆள் சேர்ந்தது. ஜூன் மாதத்தில் வாஷிங்டனில் சுமார் 20,000 முன்னாள் சிப்பாய்கள், பலர் மனைவி பிள்ளைகளோடு. அனகோஸ்டியா ஆற்றங்கரையில் தகரம், அட்டைப்பெட்டி, பழைய மரச்சட்டம் வைத்துக் குடிசை போட்டுத் தங்கினார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று. 1945ல் தரப்போகிற பணத்தை இப்பவே கொடுங்க.

ஜூன் 15ல் கீழவை சரி என்றது. 17ல் செனட் முடியாது என்றது. பாதிப் பேர் மனசு விட்டுப் போய் ஊர் திரும்பினார்கள். மீதிப் பேருக்குத் திரும்பிப் போக ஊரில் எதுவும் இல்லை. ஜூலை 28ல் அவர்களை அப்புறப்படுத்தப் போன போலீஸ் சுட்டதில் இருவர் உயிர் போனது. அன்று மாலை ராணுவம் வந்தது. குதிரைப்படை, துப்பாக்கி முனையில் கத்தி செருகிய காலாட்படை, கண்ணீர்ப்புகை, கூடவே ஆறு டாங்கிகள். ராத்திரிக்குள் ஆற்றங்கரைக் குடிசைகள் எரிந்து சாம்பல்.

இந்தப் படையை நடத்தினவர் ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தர். பக்கத்தில் உதவியாளராக நின்றவர் மேஜர் ஐசனோவர். குதிரைப்படையில் மேஜர் பேட்டன். ஆமாம், நாம இரண்டாம் உலகப் போர்ப் புத்தகங்களில் பார்க்கிற அதே மூணு பேர்தான்.

என்னால் மறக்க முடியாதது இதில் ஒரு துணைக்கதை. 1918ல் பிரான்ஸ் போர்முனையில் குண்டடி பட்டுக் கிடந்த பேட்டனை ஒரு பள்ளத்துக்கு இழுத்துப் போட்டுக் காப்பாற்றியவர் ஜோ ஏஞ்சலோ என்ற சிப்பாய். அதுக்காகப் பதக்கமும் வாங்கினவர். 1932ல் அந்த ஏஞ்சலோ வேலையில்லாமல் வாஷிங்டன் வந்த கூட்டத்தில் ஒருத்தர். குடிசைகள் எரிந்த மறுநாள் பேட்டனைப் பார்க்க வந்தார். பேட்டன் அவரைப் பார்க்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். போர்முனை நட்பு சிவில் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதுக்கு இதைவிடச் சின்னக் கதை கிடைக்காது.

அந்த வருஷத் தேர்தலில் ஹூவர் தோற்றார், ரூஸ்வெல்ட் வந்தார். அடுத்த வருஷம் இன்னொரு கூட்டம் வாஷிங்டன் வந்தபோது ரூஸ்வெல்ட் தன் மனைவி எலினாரை அனுப்பிப் பேசினார். வந்தவர்களுக்குக் காட்டு வேலை, சாலை வேலை கொடுத்தார்கள். அப்படி ஃபுளோரிடாவின் தீவுகளில் சாலை வேலைக்குப் போனவர்களில் 250க்கும் மேற்பட்டவர்கள் 1935 செப்டம்பர் புயலில் மாண்டார்கள். கடைசியில் 1936ல், இம்முறை ரூஸ்வெல்ட்டின் வீட்டோவை மீறி, போனஸ் பணம் பட்டுவாடா ஆனது. போர் முடிந்து பதினெட்டு வருஷம்!

நன்றியா, பயமா?

இப்போ இரண்டாம் உலகப் போர். இந்த முறை சீருடை போட்டவர்கள் மொத்தம் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர். 20,000 பேர் வந்ததுக்கே தலைநகரம் அந்தப் பாடுபட்டது. இத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேலை கேட்டு வந்து நின்றால்? போர்ச்சாமான் செய்த தொழிற்சாலைகளும் அதே நேரத்தில் மூடப்படும். மறுபடி பெருமந்தம் வரும் என்று பல பொருளாதார நிபுணர்கள் பயந்தார்கள். ஆக, அடுத்து வந்த ஏற்பாட்டுக்கு நன்றியுணர்ச்சி பாதிக் காரணம் என்றால் பயம் மீதிப் பாதி. எனக்கென்னவோ பயம்தான் பெரிய பாதி என்று தோன்றுகிறது.

1943ல் ரூஸ்வெல்ட் ஒரு வானொலிப் பேச்சில், திரும்பி வரும் வீரர்கள் இலவச ரொட்டி வரிசையிலோ, தெருமுனையில் ஆப்பிள் விற்றுக்கொண்டோ நிற்கக்கூடாது, அதுக்கான திட்டம் இப்போதே தேவை என்ற பொருளில் பேசினார். பேசிய தேதி ஜூலை 28. குடிசைகள் எரிந்து சரியாகப் பதினோரு வருஷம். தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த நாளை வாஷிங்டனில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஹாரி கோல்மரி என்ற வக்கீல் வாஷிங்டனின் மேஃப்ளவர் ஹோட்டலில் ரூம் போட்டு, ஹோட்டல் லெட்டர்பேடிலேயே ஒரு சட்ட முன்வரைவைக் கையால் எழுதினார். கன்சாஸ்காரர், முதல் போரில் பணியாற்றியவர், அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் வீரர் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அந்த வரைவுதான் பின்னால் ‘ஜி.ஐ. பில்’ ஆனது. ஜி.ஐ. என்பது சாதாரண சிப்பாய்க்கு அங்கே பேச்சுவழக்குப் பெயர்.

சட்டம் சுலபமா நிறைவேறிடலை. கீழவையில் முன்னாள் வீரர் குழுவின் தலைவர் மிசிசிப்பிக்காரர் ஜான் ரேங்கின், அப்பட்டமான நிறவெறியர். வேலை தேடும் காலத்தில் தரும் உதவித்தொகை கறுப்பினச் சிப்பாய்களுக்கும் போகுமே என்பது அவர் கவலை. இரு அவைகளின் கூட்டுக்குழுவில் இழுபறி வந்து, ஒரே ஒரு ஓட்டு குறைந்தது. அந்த ஓட்டுக்குச் சொந்தக்காரர் ஜான் கிப்சன், உடம்பு சரியில்லாமல் ஜார்ஜியாவில் சொந்த ஊரில் இருந்தார். ராத்திரியோடு ராத்திரியாக அவரைத் தேடிப் பிடித்து, காரில் ஜாக்சன்வில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வாஷிங்டனுக்குப் பறக்க வைத்து, ஜூன் 10 காலையில் ஓட்டுப் போட வைத்தார்கள். சினிமா மாதிரி இருக்கில்ல? 1944 ஜூன் 22ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். நார்மண்டியில் படைகள் இறங்கி 16 நாள்தான் ஆகியிருந்தது. போர் முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்தத் தேதிதான். முதல் போரில் சிப்பாய் திரும்பி ஆறு வருஷம் கழித்துச் சட்டம் வந்தது. இரண்டாவதில் சிப்பாய் இன்னும் பதுங்குகுழியில் இருக்கும்போதே வந்துவிட்டது.

சட்டத்தில் என்ன இருந்தது?

குறைந்தது 90 நாள் பணி, அவமானகரமாக வெளியேற்றப்படாமல் இருக்கணும். இவ்வளவுதான் தகுதி. அதுக்குக் கிடைத்தவை:

படிப்பு அல்லது தொழிற்பயிற்சிக்கு வருஷம் 500 டாலர் வரை கட்டணம். அப்போது ஹார்வர்டிலேயே ஆண்டுக் கட்டணம் 400 டாலர்தான், யோசிச்சுப் பாருங்க. கூடவே கைச்செலவுக்கு மாசம் 50 டாலர், குடும்பம் இருந்தால் 75. பணிக்காலத்தைப் பொறுத்து நான்கு வருஷம் வரை.

வேலை தேடுகிற காலத்தில் வாரம் 20 டாலர், அதிகபட்சம் 52 வாரம்.

வீடு, பண்ணை, தொழில் தொடங்கக் கடன் வாங்கினால் 2,000 டாலர் வரை அரசு ஜாமீன்.

இது தவிர, பழைய முதலாளி பழைய வேலையைத் திரும்பத் தரணும் என்று 1940 ஆள்சேர்ப்புச் சட்டத்திலேயே இருந்தது.

தயாரிப்பு சீருடையைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 1942ல் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் சிப்பாய்களுக்காகவே ஒரு தபால்வழிக் கல்வி நிறுவனம் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போருக்கு வந்தவர்கள் பள்ளி முடித்ததுக்குச் சமமான சான்று பெற ஒரு தேர்வையும் அப்போதுதான் உருவாக்கினார்கள். ஜி.இ.டி. என்று இன்றைக்கும் அமெரிக்காவில் எழுதுகிறார்களே, அதேதான். 1945ல் ஐரோப்பாவில் போர் முடிந்து கப்பலுக்குக் காத்திருந்தவர்களுக்காக இங்கிலாந்தில் ஷ்ரிவன்ஹாமிலும் பிரான்சில் பியாரிட்சிலும் தற்காலிகப் பல்கலைக்கழகங்களே நடந்தன. திரும்பப் படிக்கப் போகலாமா, விவசாயம் செய்யலாமா, வீடு கட்டலாமா என்றெல்லாம் விவாதிக்கச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டு முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு தாள். படையை விட்டு விலகும்போது, ராணுவத்தில் அவன் செய்த வேலை சிவில் உலகத்தில் என்ன வேலைக்குச் சமம் என்று அதில் எழுதிக் கொடுத்தார்கள். வேலை கேட்கப் போகும் இடத்தில் அதை நீட்டலாம். பீரங்கிப்படையில் இருந்தேன் என்றால் கடை முதலாளிக்கு என்ன புரியும்? லாரி எஞ்சின் பழுது பார்ப்பேன், கிடங்குக் கணக்கு வைப்பேன், இருபது பேரை வைத்து வேலை வாங்குவேன் என்றால் புரியும். சிப்பாய்க்குத் தெரிந்த வேலையை ஊருக்குப் புரிகிற பாஷையில் மாற்றிக் கொடுத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

நிபுணர்கள் எல்லாரும் தப்பு

சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் எல்லாம் வேலையில்லாத நாடோடிகளின் கூடாரமாகப் போகிறது என்று 1944 டிசம்பரில் பத்திரிகையில் எழுதினார். ஹார்வர்டின் தலைவர் கோனன்ட்டும் தரம் போய்விடும் என்று கவலைப்பட்டார். 1945ல் ஒரு பிரபல வாரப் பத்திரிகை நேர் எதிராக, சிப்பாய்களுக்குப் படிப்பில் ஆசையே இல்லை, திட்டம் படுத்துவிட்டது என்று கட்டுரை போட்டது.

நடந்தது என்ன? 1947ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் சிப்பாய்கள். இடம் போதாமல் ராணுவத்தின் தகரக் கொட்டகைகளையே கல்லூரி வளாகத்துக்குக் கொண்டுவந்து வகுப்பும் விடுதியும் ஆக்கினார்கள். கொடியில் குழந்தைத் துணி காய, உள்ளே அப்பா கால்குலஸ் போட்டுக்கொண்டிருப்பார். குடும்பம், பொறுப்பு, இழந்த வருஷங்கள் எல்லாம் சேர்ந்து அவர்களை வெறியோடு படிக்க வைத்தது. பயந்த கோனன்ட்டே பிற்பாடு அவர்களை வாயாரப் புகழ்ந்தார். 1940ல் அமெரிக்கக் கல்லூரிகள் கொடுத்த பட்டங்கள் சுமார் 1.86 லட்சம். 1950ல் சுமார் 4.3 லட்சம்.

1956ல் திட்டம் முடிந்தபோது 78 லட்சம் பேர் ஏதாவது ஒரு பயிற்சி பெற்றிருந்தார்கள். கல்லூரி போனவர்கள் 22 லட்சம். அதைவிட அதிகமாக 35 லட்சம் பேர் தொழிற்பள்ளிகளுக்கும் மற்ற பள்ளிகளுக்கும் போனார்கள். 14 லட்சம் பேர் வேலையிலேயே தொழில் கற்றார்கள். கிட்டத்தட்ட 7 லட்சம் பேர் விவசாயப் பயிற்சி எடுத்தார்கள். பின்னாளில் எதிரெதிர்க் கட்சிகளில் ஜனாதிபதி வேட்பாளரான மெக்கவர்னும் பாப் டோலும் இதில் படித்தவர்கள். நாவலாசிரியர் ஜோசப் ஹெல்லர், பாடகர் ஹாரி பெலஃபாண்டேயும்தான். சும்மா உட்கார்ந்து வாரம் 20 டாலர் வாங்குவார்கள் என்று பயந்தார்களே, அந்தத் தலைப்பில் ஒதுக்கின பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகலை!

ஏன் இப்படி ஆச்சு? நீ தச்சனாகு, நீ குமாஸ்தாவாகு என்று சட்டம் சொல்லவில்லை. என்ன படிக்கணும், எங்கே படிக்கணும் என்பதை அவனிடமே விட்டது. நாலு வருஷம் எழுந்திரு, நில், நட என்று உத்தரவுக்கு மட்டுமே பழகினவனுக்குத் தானே தீர்மானிக்கிற உரிமையைத் திருப்பிக் கொடுப்பதே பெரிய தயாரிப்பு.

யாருக்குக் கிடைக்கலை

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் நடைமுறையை உள்ளூர் அதிகாரிகள், உள்ளூர் வங்கிகள், உள்ளூர் கல்லூரிகள் கையில் விட்டது. தெற்கு மாநிலங்களில் அந்தக் கைகள் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை. 1947ல் மிசிசிப்பியில் அரசு ஜாமீனில் கொடுத்த வீடு, தொழில், பண்ணைக் கடன்கள் 3,229. அதில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை 2. இரண்டே இரண்டு. கறுப்பினத்தவருக்கான கல்லூரிகள் சொற்பம், இடமில்லாமல் ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பின. முன்னாள் சிப்பாய்களை நம்பி 1947ல் நியூயார்க் பக்கத்தில் கட்ட ஆரம்பித்த லெவிட்டவுன் குடியிருப்பில் 17,000க்கு மேல் வீடுகள். வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருந்தார்கள்.

ஐசக் வுடார்ட் என்ற கறுப்பினச் சார்ஜண்ட் 1946 பிப்ரவரி 12ல் நல்லபடியாகப் பணி முடித்து, சீருடையோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். தென் கரோலினாவில் வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, போலீஸ் அடித்த அடியில் இரண்டு கண்ணும் போனது. விடுதலைத் தாள் கையில் வாங்கிச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவருக்கு எந்தப் படிப்பு உதவித்தொகை என்ன செய்திருக்க முடியும்?

மோசடிக்கும் குறைவில்லை. அரசுப் பணத்தை நம்பிப் புற்றீசல் மாதிரித் தனியார் தொழிற்பள்ளிகள் முளைத்தன, பெயருக்கு வகுப்பு நடத்திக் கட்டணம் கறந்தன. அதனால்தான் கொரியப் போர் வீரர்களுக்கான 1952 சட்டத்தில் பள்ளிக்கு நேராகப் பணம் தருவதை நிறுத்தி, சிப்பாயின் கையிலேயே மாசாமாசம் கொடுத்தார்கள்.

நமக்கு இதில் என்ன?

இருக்கு. நம் நாட்டில் 2022ல் வந்த அக்னிபத் திட்டப்படி நான்கு வருஷப் பணி, அதில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வது 25 சதவீதம் வரை. மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு இருபது சொச்ச வயசில் வெளியே வரணும். திட்டம் சரியா தப்பா என்ற சண்டைக்குள் நான் போகலை. வரப்போகிறவர்களுக்கு வேறு பணிகளில் ஒதுக்கீடு, ராணுவப் பயிற்சியைப் பட்டப்படிப்பில் கணக்கில் சேர்ப்பது என்றெல்லாம் அறிவிப்புகள் இருக்கின்றன. அறிவிப்பு நிஜமாவது உள்ளூர் அலுவலகத்து மேஜையில்தான். அந்தப் பையனுக்குத் தெரிந்த வேலையை ஊருக்குப் புரிகிற பாஷையில் எழுதித் தர ஆள் இருக்காங்களா? தனக்கு என்ன வேணும்னு யோசிக்க அவனுக்கு நேரமும் விவரமும் முகாமுக்குள் இருக்கும்போதே கிடைக்குதா? அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவாரா?

1924ல் அமெரிக்கா கொடுத்ததும் காகிதம்தான், 1944ல் கொடுத்ததும் காகிதம்தான். முதல் காகிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். இரண்டாவதை எடுத்துக்கொண்டு மறுநாளே ஒரு வாசலுக்குப் போய்க் கதவைத் தட்ட முடிந்தது. மிசிசிப்பியில் தட்டினவர்களுக்கு அந்தக் கதவும் திறக்கவில்லை.